குவளை நடுவரி: ஆரணி வட்டாரத்தில் ஒரு நீர்ப்பூவின் வரலாறு

எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் தொண்டை நாட்டை ஆண்ட பல்லவர், அந்தணர்க்கும் கோயில்களுக்கும் ஊர்களை இறையிலியாக, அதாவது வரி நீக்கிய நிலமாக வழங்கியபோது, அவ்வூர்களில் அரசு இனித் தண்டாது என்று விட்டுக்கொடுத்த வரிகளின் பெயர்களைச் செப்பேடுகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பொறித்து வைத்தனர். செக்குக்கும் தறிக்கும் இட்ட வரி, குயவர் செலுத்திய குசக்காணம், கள் இறக்குவோர் செலுத்திய ஈழம்பூட்சி என்று நீளும் அந்த அடுக்கில் குவளை நடுவரி, குவளைக் காணம் என்னும் இரு பெயர்களும் காணப்படுகின்றன. காணம் என்பது பொன்னாகச் செலுத்தப்பட்ட சிறு தொகை. நடுவரி என்பது நீர்நிலையில் குவளையை நடுவதற்கும், காணம் என்பது அதன் பூவை விற்பதற்கும் உரியவை என்று வரலாற்றாசிரியர் பொருள் கொள்வர். தானே முளைத்துத் தானே மடியும் காட்டுப்பூவுக்கு எந்த அரசும் நடுவரி விதிப்பதில்லை. நட்டவர் இருந்தனர், பறித்து விற்றவர் இருந்தனர், விலை கொடுத்து வாங்கியவர் இருந்தனர், அந்த வணிகத்தில் அரசுக்குப் பங்கு கேட்கும் அளவுக்கு வருவாயும் இருந்தது என்பதற்கு 'நடு' என்ற அந்த ஒரு சொல்லே போதிய சான்றாகும்.

வரி நீக்கப்பட்டதனாலேயே அந்த வரி இருந்த செய்தி நமக்குக் கிடைக்கிறது என்பது கல்வெட்டு ஆய்வில் அடிக்கடி நேரும் வேடிக்கை. தறி வரியும் குவளை வரியும் ஒரே பட்டியலில் இடம்பெற்றிருப்பது, தறியாலேயே பெயர் பெற்ற ஆரணி போன்ற ஊரின் கடந்த காலத்தை எண்ணுவோர் கவனிக்கத்தக்கது. அவ்விரண்டில் தறி இன்றும் ஒலிக்கிறது. குவளையோ வேளாண் நூல்களில் நீர்க்களை என்ற தலைப்பின் கீழ் இடம் மாறிவிட்டது.

ஆரணி இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில், சவ்வாது மலைப் பகுதியிலிருந்து படைவீட்டின் வழியாக இறங்கிவரும் கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஊராகும். ஆரணிக்கு அண்மையில் போளூர் வட்டத்தில் உள்ள திருமலை என்னும் சமணத் தலத்தைச் சோழர் கல்வெட்டு பல்குன்றக் கோட்டத்தில் வைத்துக் கூறுகிறது. கோட்டம் என்பது தொண்டை மண்டலத்தின் பழைய நாட்டுப் பிரிவு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தின் பாட்டுடைத் தலைவனான செங்கண்மாத்து நன்னனும் இதே கோட்டத்தவன். பெயருக்கு ஏற்பக் குன்றுகள் பல நிறைந்த இந்நிலத்தில், ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பதனால், மழை பெய்யும் சில வாரங்களில் ஓடிவரும் நீரைக் கரை கட்டித் தேக்கும் ஏரிகளே வேளாண்மையின் உயிராயின. இதே மாவட்டத்தின் வடகிழக்கில் மாமண்டூரில் பல்லவர் காலத்தில் சித்திரமேக தடாகம் என வழங்கிய பெரிய ஏரி இன்றும் உள்ளது. தமிழ்நாடு முழுவதிலும் எண்ணப்பட்டுள்ள சுமார் 39,000 ஏரி குளங்களில் பெருந்தொகை இந்த வட தமிழகத்தில்தான் நெருக்கமாக அமைந்திருக்கிறது. ஆரணி அரிசி என்று கடைகளில் எழுதி விற்கப்படும் பெயருக்குப் பின்னால் இருப்பதும் இந்த ஏரிப் பாசனமே.

ஏரி என்பது ஆழ்ந்த நீர்நிலையன்று. ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து, தை, மாசியில் இறங்கி, சித்திரையில் வெடித்த சேறாகி நிற்கும் அகன்ற தட்டு என்றே அதனைக் கொள்ளலாம். இந்த ஏற்ற இறக்கத்திற்கு ஏற்றபடி வாழ்க்கையை அமைத்துக்கொண்ட பல்லாண்டுச் செடிகளே ஆம்பலும் குவளையும் ஆகும். நீர் வற்றியதும் இலையும் தண்டும் மக்கிப் போக, கிழங்கு மட்டும் சேற்றுக்குள் உறங்குகிறது. அடுத்த மழையில் நீர் நின்ற சில நாள்களுள் அது கொழுந்து விடுகிறது. ஏரி முற்றிலும் வற்றிவிட்டது என்று கணக்கெழுதும் காலத்திலும் அதன் அடியில் இந்தத் தோட்டம் உயிரோடு இருக்கிறது என்பது, மேலோட்டமாகப் பார்ப்போர்க்குப் புலப்படாத உண்மை.

இப்பூக்களின் பெயர்களைப் பிரித்தறிவது எளிதன்று. குவளை, கருங்குவளை, நீலம், நெய்தல், கழுநீர், செங்கழுநீர், ஆம்பல், அல்லி, குமுதம் என்று இலக்கியமும் நிகண்டுகளும் வழங்கும் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் ஆம்பல், குவளை, நெய்தல், தாமரை ஆகியவை தனித்தனியே எண்ணப்படுவதால், சங்கப் புலவர்க்கு அவை வெவ்வேறு பூக்களாகவே தெரிந்தன என்பதில் ஐயமில்லை. பிற்காலத்தார்க்குத்தான் குழப்பம் நேர்ந்தது. தாவரவியல் முறையில் நோக்கின், பகலில் மலரும் நீல அல்லது வெளிர்நீலப் பூவை உடைய நிம்ஃபியா நௌச்சாலி என்னும் இனத்தைக் குவளை அல்லது நீலம் என்றும், அந்தியில் விரிந்து மறுநாள் முற்பகலில் குவியும் வெள்ளைப் பூவை உடைய நிம்ஃபியா பியூபசென்ஸ் என்னும் இனத்தை ஆம்பல் அல்லது அல்லி என்றும் கொள்வது பொருந்தும். முன்னதற்கு அப்பெயரை 1768-இல் இட்டவர் டச்சுத் தாவரவியலாளர் நிக்கோலாஸ் பர்மன். பூ இல்லாத காலத்தில் இலையைக் கொண்டு இவற்றை வேறுபடுத்தலாம்: ஆம்பல் இலையின் விளிம்பில் கூரிய பற்கள் இருக்கும், அடிப்புறம் மென்மயிர் படர்ந்திருக்கும், குவளை இலையின் அடிப்புறம் வழவழப்பாக இருக்கும். இரண்டின் இலையிலும் காம்பு சேருமிடம் வரை ஒரு பிளவு உண்டு. தாமரை இலையில் அந்தப் பிளவு இல்லை, காம்பு நடுவில் குடைக்கம்பிபோல் நிற்கும். செங்கழுநீரைச் செந்நிற அல்லி என்று பெரும்பாலோர் கூறினாலும், அதே பெயர் இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த மணமுள்ள ஒரு கிழங்குச் செடிக்கும் வழங்குவதால், கல்வெட்டில் அச்சொல் வருமிடமெல்லாம் நீர்ப்பூவே குறிக்கப்படுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்தல் கூடாது.

புலவர்கள் குவளையில் வண்டு தேனுண்பதாகப் பாடினர். உண்மையில் குவளையில் தேன் என்று சொல்லத்தக்கது மிகச் சிறிதே. அங்கு வரும் தேனீயைக் கவர்வது பெரும்பாலும் மகரந்தமே. ஆயினும் அப்பூவுக்கும் பூச்சிக்கும் இடையே நடப்பது எந்தக் கற்பனையையும் விடச் சுவையானது. முதல் நாள் காலையில் மொட்டு விரியும்போது, நடுவிலுள்ள சூல்முடி ஒரு சிறு கிண்ணம்போல் குழிந்து, மெல்லிய இனிப்புள்ள நீர்மத்தால் நிறைந்திருக்கும். சுற்றியுள்ள மகரந்தத் தாள்கள் முதிராமல் நிமிர்ந்து நிற்கும். வேறொரு பூவின் மகரந்தத்தை உடலில் ஏந்திவரும் தேனீ அந்தத் தாள்களின் மேல் இறங்கினால், வழுவழுத்த அவை வளைந்துகொடுக்க, அது சறுக்கிக் கிண்ணத்துள் விழுகிறது. மகரந்தம் நீர்மத்தில் கழுவப்பட்டுச் சூல்முடியைச் சேர்கிறது. விழுந்த பூச்சி சில வேளை அங்கேயே இறந்தும் போகும். இரண்டாம் நாள் அந்த நீர்மம் வற்றிவிட, தாள்கள் உள்நோக்கி வளைந்து சூல்முடியை மூடிக்கொண்டு மகரந்தத்தைத் திறக்கின்றன. அன்று வரும் தேனீ ஆபத்தின்றி உண்டு, உடல் முழுதும் பொடி பூசிக்கொண்டு திரும்புகிறது. ஒரே பூ முதலில் பெண்ணாகவும் பின்பு ஆணாகவும் இயங்குவதால் தன் மகரந்தம் தனக்கே சேர்வது பெரிதும் தவிர்க்கப்படுகிறது. கருவுற்ற பின் காம்பு சுருண்டு காயை நீருக்குள் இழுத்துக்கொள்கிறது. முற்றிய காய் வெடித்ததும், காற்றடைந்த மெல்லிய உறையின் துணையால் விதைகள் சிறிது நேரம் மிதந்து பரவிப் பின்பு சேற்றில் அமிழ்கின்றன.

தாமரை இதில் வேறொரு வழியைக் கைக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் நடத்தி 1996-இல் வெளியிட்ட ஆய்வில், காற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கிய போதும் தாமரைப் பூ தன் உள்வெப்பத்தை 30 முதல் 36 டிகிரி வரை நிலையாகக் காத்துக்கொண்டதை ரோஜர் சீமோர், பால் ஷுல்ட்சே-மோட்டல் ஆகியோர் கண்டனர். குவிந்த தாமரைக்குள் இரவெல்லாம் வண்டு சிறைப்பட்டிருக்கும் என்ற பழைய கவிமரபு, அது சிறையன்று, கதகதப்பான விடுதி என்று அறிவியலால் திருத்தப்பட்டதாகக் கொள்ளலாம்.

நட்டு வளர்த்தல் என்ற செய்திக்கு மீண்டால், பல்லவர்க்குப் பின் வந்த சோழர் காலத்தில் அது வரி என்ற நிலையிலிருந்து உரிமை என்ற நிலைக்கு நகர்ந்திருப்பதைக் காணலாம். திருவாலங்காட்டுச் செப்பேடு உள்ளிட்ட சோழர் ஆவணங்கள், தானம் பெற்றோர் தம் ஊரில் செய்துகொள்ளத்தக்கவை என்று எண்ணும்போது, சுட்ட செங்கல்லால் மாளிகை எடுத்தல், கிணறு தோண்டுதல் ஆகியவற்றுடன், தமனகம், மரு, இருவேலி, செண்பகம், செங்கழுநீர் ஆகியவற்றை நடுவதையும் சேர்த்துக் கூறுகின்றன. தமனகம் என்பது மருக்கொழுந்து. இருவேலி என்பது வெட்டிவேர். யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய செயலாக இருந்திருந்தால் அதனைச் செப்பேட்டில் எழுதித் தர வேண்டிய தேவை எழுந்திராது. வாங்குவோரில் முதன்மையானது கோயில்தான். இறைவனுக்குச் சாத்தும் மாலையைத் திருப்பள்ளித்தாமம் என்று கல்வெட்டுகள் குறிக்கும். அதற்கான பூவை அளிக்கும் நிலம் திருநந்தவனப்புறம் எனப்பட்டது. திருவாரூரில் தியாகராசருக்குச் செங்கழுநீர் சாத்தும் மரபு வழியாக, கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்று மக்கள் வழக்கில் ஒரு கணக்கு நிலைத்துவிட்டது. ஒரு வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கர் ஆதலால், பூவுக்கென்று முப்பது ஏக்கருக்கு மேல் நீர்நிலம் ஒதுக்கப்பட்டதாக அவ்வழக்கு நினைவுகூர்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஏரியில் மதிப்புப் பெற்ற குவளை, மதகு வழியாக வயலுக்குள் நுழைந்தவுடன் களையாகிவிடும். கம்பர் நாட்டுப்படலத்தில், களையெடுக்க இறங்கிய உழவர், குவளையும் தாமரையும் ஆம்பலும் தம் மகளிரின் கண்ணையும் கையையும் வாயையும் ஒத்திருத்தலால் பறிக்க மனமின்றி நிற்பதாகப் பாடுவது கவிச்சுவைக்காகத்தான் என்றாலும், பறிக்கப்பட வேண்டியவை என்று ஊர் கருதியவை அவையே என்பதற்கு அதுவே சான்றும் ஆகிறது. செடி ஒன்றுதான்; ஏரிக்கரைக்கு உள்ளே பயிர், வெளியே களை என்று இடத்தைக் கொண்டு அன்றைய மக்கள் அதனைப் பகுத்தனர். ஏழையர்க்கோ அது உணவாகவும் இருந்தது. ஆம்பலின் விதையை அல்லியரிசி என்று சமைத்துண்பர். கணவனை இழந்த மகளிர் உண்ணும் உணவாக அது அமைந்த துயரத்தை ஒக்கூர் மாசாத்தனார் புறநானூற்றின் 248-ஆம் பாடலில் பாடியுள்ளார். கிழங்கும் பஞ்ச காலத்தில் அகழ்ந்து அவிக்கப்பட்டது.

இத்தகைய பகுப்பை நடைமுறையில் காத்தது ஊரவையே. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுகள் ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் தனித்தனியே குறிப்பிடுகின்றன. வாரியம் என்பது குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட செயற்குழு. தூர் எடுத்தலும் கரை உயர்த்தலும் ஆண்டுதோறும் நடந்த வேலைகள். எங்கே மண்ணெடுப்பது, எந்த மூலையில் பூவும் மீனும் விடுவது என்ற முடிவுகள் அந்த நீரைக் கொண்டே வாழ்ந்தவர் கையில் இருந்தன.

ஆரணியின் பிற்கால வரலாறு நீரைவிட நெசவையும் போரையும் பற்றியே மிகுதியாகப் பேசுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் பீஜப்பூர் ஆட்சியின்கீழ் மராத்திய அந்தணக் குடும்பம் ஒன்றிற்கு ஜாகீராக, அதாவது வருவாய் உரிமை நிலமாக, வழங்கப்பட்ட இவ்வூர், 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுத் துணைபெற்ற படையை முறியடித்த களமாகவும், 1782 ஜூனில் ஐர் கூட்டும் ஹைதர் அலியும் மோதிய களமாகவும் அமைந்தது. படைகள் மாறி மாறிக் கடந்த நிலத்தில் ஏரிகளைப் பேணுவோர் சிதறுவது இயல்பே. ஆயினும் நெசவு அழியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்லிய மஸ்லின் பருத்தித் துணிக்குப் பெயர் பெற்றிருந்த ஆரணி, பின்னர்ப் பட்டுக்கு மாறி, இன்று புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் ஊராக அறியப்படுகிறது. குழித்தறியில் அமர்ந்த நெசவாளர் பாவுக்குள் ஊடையைச் செலுத்தி, சேலையின் உடலில் ஜரிகைப் புட்டாவாகத் தாமரையை எழுப்புவதை இங்குக் காணலாம். புட்டா என்பது இடைவெளிவிட்டு நெய்யப்படும் தனித்த சிறு உரு. நீர்ப்பூ நூலில் தப்பிப் பிழைத்து நீரில் மறைந்தது என்று இதனைச் சொல்லிவிடலாம், ஆனால் நெசவாளரைக் குறை கூற அதில் ஒன்றுமில்லை. பூவைக் கைவிட்டது ஏரியைக் கைவிட்ட நிர்வாகம்.

அந்தக் கைவிடல் படிப்படியாக நிகழ்ந்தது. ரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வோர் உழவனிடமும் நேரே தீர்வை தண்டத் தொடங்கியபின், ஊர் கூடிச் செய்த குடிமராமத்து, அதாவது குடிமக்கள் தாமே உழைப்பளித்து ஏரியைச் செப்பனிடும் வழக்கம், பிடிமானம் இழந்தது. அதனைச் சட்டத்தால் மீட்க 1858-இல் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மனமொப்பிச் செய்த வேலையைத் தண்டனையால் செய்விக்க முயன்ற அந்தச் சட்டம் பெரிதும் பயன்படாமற் போனதில் வியப்பில்லை. பாசனப் பொறியியலின் கண்ணில் ஏரி என்பது கொள்ளளவும் மதகும் ஆயக்கட்டுமாகச் சுருங்கியபோது, அதில் மிதக்கும் எதுவும் இடையூறாயிற்று. பல்லவர் வரி வாங்கிய பூ, எந்தக் கணக்கிலும் இல்லாத பூவாகி, பின்பு களைக் கணக்கில் ஏறியது.

உண்மையான களை அதன்பின்தான் வந்தது. தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்ட நீர்ச்செடி ஒன்று, ஊதாப் பூவுடன் நாடெங்கும் பரவி, நீர்ப்பரப்பை மூடி, ஒளியை அடைத்து, அடியிலுள்ள கிழங்குகளை முளைக்கவிடாமல் செய்தது. தமிழர் அதற்கு ஆகாயத்தாமரை என்று பெயரிட்டனர்; சித்த மருத்துவ நூல்களில் அப்பெயர் வேறொரு மிதவைச் செடிக்கு உரியது. பழைய பெயரும் பழைய இடமும் ஒருசேரப் பறிபோயின என்பது சற்றுக் கசப்பான உண்மை. மீன் குத்தகைக்காக ஏரிகளில் விடப்பட்ட அயல் மீன்களும் தம் பங்கைச் செய்தன. மக்கள் ஜிலேபிக் கெண்டை என்று அழைக்கும் மொசாம்பிக் திலாப்பியா 1952-இலும், நீர்ச்செடிகளையே உணவாகக் கொள்ளும் புல் கெண்டை 1959-இலும் இந்தியாவுக்கு வந்தவை. நீர்க்களையை ஒழிக்க விடப்படும் புல் கெண்டைக்கு ஆம்பலின் கொழுந்துக்கும் பிற செடிக்கும் வேறுபாடு தெரியாது.

இழப்பு அழகு சார்ந்தது மட்டுமன்று. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிராதலால் ஏரிப் பாசன நிலத்தில் தேனீக்கு வேலையில்லை என்று நினைப்போர் உளர். ஆனால் அதே ஊரில் வரப்பிலும் புன்செயிலும் வளரும் எள், பூசணி, பீர்க்கு, கத்தரி ஆகியவை பூச்சியின் உதவியை நாடி நிற்பவை. மழைக்குப்பின் பயிர்ப் பூக்கள் குறைந்திருக்கும் வாரங்களில், நாள்தோறும் புதுப்பூ விரிக்கும் குவளை, கொம்புத் தேனீக்கும் கொசுத்தேனீக்கும் அடுக்குத் தேனீக்கும் மகரந்தக் களஞ்சியமாக நின்றது. காலையில் குவளையும் அந்தியில் ஆம்பலும் மலர்வதால், ஒரே ஏரி இரு முறை பூச்சிகளுக்கு விருந்திட்டது.

வெள்ளாம்பலை வங்கதேசமும், நீலோற்பலம் எனப்படும் நீலக் குவளையை 1986-இல் இலங்கையும் தேசிய மலராகக் கொண்டன. இலங்கையில் அதன்பின் ஒரு சிக்கல் எழுந்தது: நீலோற்பலம் என்று பல இடங்களில் காட்டப்பட்டதும் வளர்க்கப்பட்டதும் அயல் கலப்பினமான ஊதா நிற அல்லி என்று அந்நாட்டுத் தாவரவியலாளர் எடுத்துக்காட்டினர். தமிழ்நாட்டிலும் நாற்றுப்பண்ணைகளில் தொட்டிக்கென்று விற்கப்படும் அல்லிகளில் கலப்பினங்கள் மிகுதி. ஆதலால் ஏரியிலோ கோயில் குளத்திலோ குவளையை மீண்டும் வளர்க்க விரும்புவோர், அழகிய நிறத்தை நாடாமல், அதே வட்டாரத்து ஏரியின் கிழங்கையே நாடுதல் வேண்டும். அதற்கு வேண்டுவன சில: நாள் முழுதும் வெயில், ஓட்டமில்லாத நீர், ஒன்று முதல் மூன்று அடி ஆழம், கிழங்கு ஊன்றிக்கொள்ள வண்டல் படிந்த மண்தரை. அடித்தளம் முழுதும் கான்கிரீட் பூசிய குளத்தில் குவளை வேரூன்றாது.

தூர் வாருதல் இன்று சித்திரை, வைகாசியில் எந்திரங்களால் நடைபெறுகிறது. கிழங்குகள் உறங்குவதும் அதே பருவத்தில், எந்திரம் அள்ளும் அதே மேல்மண்ணில்தான். அள்ளிய வண்டல் வண்டியேறி வயலுக்குப் போகுமுன், அதில் கருத்த உருண்டைகளாகத் தென்படும் கிழங்குகளை ஒரு கூடை அளவு பொறுக்கி, எந்திரம் இறங்காத ஒரு மூலையில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து வைக்க, ஏரி ஒன்றுக்கு இரண்டு ஆள்களின் அரைநாள் வேலை போதும். ஆரணிச் சுற்றுவட்டத்தில் ஏரிகளைத் தூர் வாரும் ஊராட்சிகளும் பாசன சங்கங்களும் அந்த அரைநாளை வேலைத் திட்டத்தில் எழுதிச் சேர்க்க வேண்டும்.